குனிஞ்சு பாத்தியா?

எர்ணாவூரில் நான் வளர்ந்த தெருவில் பையன்கள் பஸ் ஓட்டி விளையாடியதில்லை. டிரெய்லர்தான். ஒருத்தன் முன்னால் நிற்பான், அவன் ஹார்ஸ், இழுக்கிற வண்டி. இன்னொருத்தன் பின்னால் இரண்டு கையையும் தரையில் ஊன்றிக் குனிந்திருப்பான், அவன் டிரெய்லர். முன்னால் நிற்பவன் ரிவர்ஸில் வந்து முட்டியதும் இருவரும் சேர்ந்து வாயால் ஒரு சத்தம் போட வேண்டும். 'ட்ட்டக்!' சத்தம் சரியாக வராவிட்டால் ஆட்டம் செல்லாது, திரும்பவும் மாட்ட வேண்டும்.

நிஜ வண்டியிலும் அந்தச் சத்தத்துக்குத்தான் மரியாதை. ஹார்ஸ் பின்னால் போய் டிரெய்லருக்கு அடியில் நுழையும், டிரெய்லரின் கிங்பின் என்கிற இரும்பு முளை உள்ளே போகும், அதைக் கவ்வுகிற தாடை மூடும். 'டக்' என்று கேட்டால் டிரைவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே கியரை மாற்றுவார். என் நைனா மட்டும் அந்தச் சத்தத்தை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். சத்தம் கேட்டதும் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்குவார். பக்கத்தில் கிளீனராக நான் நின்றால் ஒரே கேள்விதான்.

"குனிஞ்சு பாத்தியா?"

"சத்தம் கேட்டுச்சே நைனா."

"சத்தம் எனக்கும் கேட்டுச்சு. நான் செவுடன் இல்ல. குனிஞ்சு பாத்தியான்னு கேக்கறேன்."

1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தார்கள். அதற்கு முன் மூட்டை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்த நைனா, அடுத்த சில வருடங்களில் டிரெய்லருக்கு மாறிவிட்டார். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மாதவரம் என்று முப்பது வருடம் இந்த வட்டத்துக்குள்ளேயே ஓட்டி முடித்தார். இங்கேயே சுற்றுகிற டிரைவர்களுக்கு மாட்டுவதும் கழட்டுவதும்தான் முழுநேர வேலை. டெல்லிக்குப் போகிறவன் வாரத்துக்கு ஒருமுறை மாட்டுவான். நைனா ஒரு நாளில் நாலு தடவை மாட்டி நாலு தடவை கழட்டுவார். நானும் பிளஸ் டூ முடித்துவிட்டு இரண்டு வருடம் கிளீனராகப் போனேன். இப்போது மணலிப் பக்கம் ஒரு யார்டில் சூப்பர்வைசர். என் பிழைப்பும் அந்த 'டக்' சத்தத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது.

இந்த உலகம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எண்ணூர் விரைவுச் சாலையில் நீங்கள் பைக்கில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டிப் போகிற அந்த நீள வண்டி ஒரே வண்டி இல்லை, இரண்டு. முன்னால் இன்ஜினும் கேபினும் இருக்கிற பாகம் ஹார்ஸ். பின்னால் கன்டெய்னரைச் சுமப்பது டிரெய்லர். டிரெய்லருக்கு முன்சக்கரம் கிடையாது. அதன் மூக்குப் பாகம் ஹார்ஸின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. உட்காருகிற இடத்துக்குப் பெயர் ஐந்தாம் சக்கரம், ஃபிஃப்த் வீல். நம் ஆட்கள் டர்ன்டேபிள் என்பார்கள். பார்த்தால் சக்கரம் மாதிரியே இருக்காது, பின்பக்கம் பிளந்த ஒரு கனமான இரும்புத் தட்டு, அவ்வளவுதான். குதிரை வண்டிக் காலத்தில் முன்அச்சு திரும்புவதற்காக அச்சுக்கு மேலே படுக்கைவாட்டில் ஒரு வளையம் வைத்தார்கள். நாலு சக்கரத்துக்கு மேல் அது ஐந்தாவது. வளையம் போய்த் தட்டு வந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. குதிரையும்தான் ஹார்ஸ் என்ற பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டிரெய்லரின் மூக்குக்கு அடியில் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பது கிங்பின். எங்கள் வண்டிகளில் அதன் கழுத்து இரண்டு அங்குலம், கணக்காகச் சொன்னால் 50.8 மில்லிமீட்டர். வீட்டு உலக்கையின் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன்டெய்னர் சரக்கோடு சேர்த்து 30 டன் வரை எடை இருக்கலாம். அத்தனையையும் இழுப்பது அந்த உலக்கைத் தடிமன் இரும்பும், அதன் கழுத்தைக் கவ்வியிருக்கும் தாடையும்தான். டர்ன்டேபிளின் பிளவுக்குள் கிங்பின் நுழைந்ததும் தாடை தானாக மூடிக்கொள்ளும். சத்தம் அந்தத் தாடையுடையது.

சத்தம் எப்போது பொய் சொல்லும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

1999, ஐப்பசி மழை. நான் வேறொரு டிரைவர் அண்ணனோடு கிளீனராகப் போயிருந்தேன். மணலியில் ஒரு யார்டில் காலி நாற்பதடிப் பெட்டியோடு நின்றிருந்த டிரெய்லரை மாட்டி எடுத்துவர வேண்டும். இருட்டிக்கொண்டு வந்தது. யார்டில் விளக்கு என்று இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் கேட்டுக்குப் பக்கத்தில். தரை முழுக்கக் களிமண் சேறு, கணுக்கால் வரை. அண்ணன் ரிவர்ஸ் எடுத்தார். 'டக்.' நன்றாகக் கேட்டது. ஃபர்ஸ்ட் கியரில் லேசாக முன்னால் இழுத்தும் பார்த்தார், டிரெய்லர் அசையவில்லை. "தம்பி, பாத்துக்கினியா?" என்று கேபினிலிருந்து கேட்டார். பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சேற்றில் முட்டி போட்டுத் தலையை உள்ளே விட வேண்டும். போட்டிருந்தது தீபாவளிக்கு எடுத்த பேன்ட். "ஆச்சுண்ணே, போலாம்" என்றேன். காற்று ஹோஸை மாட்டினேன், டிரெய்லரைத் தாங்கி நிற்கும் இரும்பு முன்கால்களைச் சுற்றித் தூக்கினேன், ஏறி உட்கார்ந்தேன்.

கேட்டுக்கு முன்னால் ஒரு திருப்பம், அதில் ஒரு பள்ளம். ஹார்ஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியது. முதுகுக்குப் பின்னால் யாரோ இரும்புக் கதவை இழுத்த மாதிரி ஒரு நீளச் சத்தம். கேபின் மேலே எகிறியது. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லரின் மூக்கு டர்ன்டேபிளை விட்டு வழுக்கி, சேசிஸ் மேல் உரசிக்கொண்டே பின்னால் போகிறது. சிவப்பு ஹோஸ் ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டு, பட்டென்று அறுந்து, பாம்பு மாதிரி ஆடியபடி காற்றைக் கக்கியது. மூக்கு தரையில் குத்தி நின்றது. இரண்டு மட்கார்டும் சப்பாத்தி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேட்டில் சீட்டு எழுதுகிற பெரியவர் மட்டும் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். பெட்டியில் சரக்கு இருந்திருந்தால், இது யார்டுக்குள் நடக்காமல் திருவொற்றியூர் மார்க்கெட் பக்கம் நடந்திருந்தால் என்று நினைக்கும்போது இப்போதும் வயிற்றில் என்னவோ பண்ணுகிறது.

நடந்தது இதுதான். முந்தின தடவை அந்த டிரெய்லரைக் கழட்டியவர், ஹார்ஸ் சுலபமாக வெளியே வரட்டும் என்று முன்கால்களைத் தேவைக்கு மேல் சுற்றி, மூக்கை உயரத் தூக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் ரிவர்ஸ் போனபோது டர்ன்டேபிள் டிரெய்லரைத் தொட்டுத் தூக்கவே இல்லை, கீழே இடைவெளி விட்டு நுழைந்திருக்கிறது. கிங்பின் தாடைக்குள் இறங்காமல் மேலாகவே போயிருக்கிறது. அதன் தலை தட்டியதில் தாடை வெறும் காற்றைக் கவ்வி மூடியிருக்கிறது. 'டக்' என்று கேட்டது நிஜம். மூடியதும் நிஜம். உள்ளே கழுத்து இல்லை. பின்னின் நுனி எங்கேயோ விளிம்பில் சிக்கியிருந்ததால் இழுத்துப் பார்த்தபோதும் பிடித்த மாதிரி காட்டியிருக்கிறது. முன்கால்களைத் தூக்கியதும் மூக்கு இறங்கி, கிங்பின் தாடைக்கு மேல் உட்கார்ந்துகொண்டது. பள்ளம் வரும்வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது.

இதில் என்னை ரொம்பக் குத்தியது, குனிந்திருந்தால் அந்த அரை வெளிச்சத்திலும் தெரிந்திருக்கும் என்பதுதான். டிரெய்லர் தகட்டுக்கும் டர்ன்டேபிளுக்கும் நடுவில் ஆள்காட்டி விரல் போகிற அளவுக்காவது இடைவெளி இருந்திருக்கும்.

நைனா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மறுநாள் காலையில் தன் வண்டியை ஒழுங்காக மாட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, சாவியை என் சட்டைப் பையில் போட்டார். "இப்போ வண்டி உன்து. உள்ள போய்ப் படு" என்றார். அந்தப் பேன்ட்டோடு படுத்தேன். பின்பக்கமாகத் தலையை நுழைத்து, டார்ச் அடித்து டர்ன்டேபிளின் பிளவுக்குள் பார்த்தேன். முதலில் கருப்பு கிரீஸைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்க்கப் பார்க்க, கிரீஸுக்குள் ஒரு கழுத்து தெரிந்தது. கழுத்துக்குப் பின்னால் குறுக்காக ஒரு இரும்பு, பளபளவென்று தேய்ந்த விளிம்போடு. அதுதான் தாடை. பின்னின் கழுத்தைச் சுற்றிப் பிடித்திருந்தது, தலையை அல்ல. அப்புறம் நைனா அந்தப் பக்கம் போய் நின்று, தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் டார்ச்சைக் காட்டினார். "வெளிச்சம் தெரியுதா?" தெரியவில்லை. "தெரியக் கூடாது. தெரிஞ்சா அது மாட்டல." கடைசியாக லாக் கம்பியைக் காட்டினார். பூட்டியிருக்கும்போது கம்பி உள்ளே போய் ஒட்டினாற்போல இருக்கும், அதன் மேல் பாதுகாப்புக் கொக்கி விழுந்திருக்கும். கம்பி நாலு விரற்கடை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் தாடை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம்.

கழுத்து, வெளிச்சம், கம்பி. மூன்றையும் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் முட்டி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நைனா மாட்டுகிற விதம் தலைகீழாகத் தொடங்கும். ரிவர்ஸ் எடுப்பதற்கு முன்பே முக்கால்வாசி வேலையை முடித்துவிடுவார். முதலில் டிரெய்லரைச் சுற்றி ஒரு நடை. சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கிறதா, டிரெய்லரின் பார்க்கிங் பிரேக் போட்டிருக்கிறதா, கால்கள் நேராக நிற்கின்றனவா. பின்னைத் தடவிப் பார்ப்பார், விரிசல், வளைவு ஏதாவது தட்டுப்படுகிறதா என்று. பிறகு உயரம். டிரெய்லரின் அடித்தகடு டர்ன்டேபிளை விட ஒரு பொட்டு தாழ்வாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் ஹார்ஸ் நுழையும்போது பின்பக்கம் சரிந்திருக்கும் தட்டு டிரெய்லரைத் தொட்டு, லேசாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். அந்தத் தூக்கல்தான் எடை உட்கார்ந்துவிட்டது என்பதற்குச் சாட்சி. உயரமாக இருந்தால் என் கதை. ரொம்பத் தாழ்வாக இருந்தால் டிரெய்லரின் மூக்கு சேசிஸிலேயே முட்டி நசுக்கும். கால் கைப்பிடியைச் சுற்ற வேண்டியதைச் சுற்றி உயரத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் கேபினில் ஏறுவார். நேர்கோட்டில் மெதுவாகப் பின்னால் வந்து, தொடுவதற்கு ஒரு முழம் இருக்கும்போது நிறுத்தி, திரும்ப இறங்கிப் பார்ப்பார். "பொண்ணு பாக்கப் போனா ரெண்டு தடவ பாக்கறது இல்லியா" என்பார். அம்மா காதில் விழாமல்தான் சொல்வார்.

மாட்டிய பிறகு சின்ன கியரில் முன்னால் இழுத்துப் பார்ப்பது உண்டு, டிரெய்லர் பிரேக் பிடித்திருக்கும்போது, உலுக்காமல், நிதானமாக. அது தேவைதான். ஆனால் அதோடு நிறுத்தினால் நான் ஏமாந்த மாதிரி ஏமாற வேண்டியதுதான்.

ஹோஸ் விஷயத்தில் ஒன்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். இரண்டு காற்று ஹோஸ், ஒரு ஒயர். சிவப்பு ஹோஸ் டிரெய்லரின் டாங்கிக்குக் காற்று கொண்டுபோவது. மஞ்சள், டிரைவர் பிரேக்கை மிதித்தால் அதை டிரெய்லருக்குச் சொல்வது. ஒயர் விளக்குகளுக்கு. சிவப்பைக் கழட்டினால் டிரெய்லர் தானாக பிரேக் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு அறுந்தபோதும் அதனால்தான் டிரெய்லர் அங்கேயே நின்றது. இதை நம்பித்தான் நிறையப் பேர் கழட்டும்போது டிரெய்லரின் பார்க்கிங் பிரேக் பொத்தானைத் தொடுவதே இல்லை. சிவப்பைப் பிடுங்கினால் போதும், நின்றுகொள்ளும் என்று. நிற்கும், சரி. அடுத்து மாட்ட வருகிற ஆள் ஹார்ஸுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் நின்றுகொண்டு சிவப்பைச் செருகுகிறான். அந்த நொடியில் டிரெய்லருக்குக் காற்று கிடைக்கிறது, பிரேக் விட்டுவிடுகிறது. அவசரத்தில் ஹார்ஸின் ஹேண்ட் பிரேக்கையும் போடாமல் இறங்கியிருந்தால் மொத்த வண்டியும் உருளத் தொடங்கும். இறங்கி ஓடிவந்து கேபினில் ஏறப் பார்ப்பார்கள். அந்த ஓட்டத்தில்தான் உயிர் போவது. இன்னொன்று, பழைய டிரெய்லர்களில் டாங்கிக் காற்றை நம்பித்தான் அந்தப் பிடிப்பு. ராத்திரி முழுக்கக் காற்று கசிந்தால் விடியற்காலையில் பிடிப்பு இல்லை. அதனால் கட்டை. நைனா சீட்டுக்கு அடியில் நாலு மரக்கட்டை வைத்திருப்பார், கயிறு கட்டி, கோயில் மணி மாதிரி.

இப்போது என் யார்டில் பார்க்கிறேன். கிளீனர் என்ற பிறவியே மறைந்துகொண்டிருக்கிறது. நடைக்கு இவ்வளவு என்று கிடைக்கிற பணத்தில் டீசல் போக, போலீஸ் போக, டியூ போக, கிளீனருக்குப் பேட்டா கொடுக்க யாரிடம் இருக்கிறது? டிரைவர் தனியாகவே வருகிறார். ரிவர்ஸ் பார்க்கவும் அவர்தான், இறங்கிக் குனியவும் அவர்தான், சீட்டு வாங்கிக்கொண்டு ஓடவும் அவர்தான். ஒரு விபத்து நடந்தால் அஜாக்கிரதை என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த வேலை தொடங்கியதிலிருந்தே இரண்டு ஜோடிக் கண்ணுக்கான வேலை. ஒரு ஜோடியைக் குறைத்துவிட்டோம், விளக்கும் போடவில்லை, தரையும் போடவில்லை. நான் அன்றைக்குப் பொய் சொன்னேன்தான். ஆனால் பொய் சொல்லவாவது ஓர் ஆள் இருந்தான். இப்போது கேள்வி கேட்பதும் பதில் சொல்வதும் ஒரே ஆள். மாட்டிக்கொண்டாயா என்று தன்னையே கேட்டு, டக் கேட்டதே என்று தானே சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். துறைமுக கேட்டில் அரை நாள் வரிசையில் நின்று வந்தவரிடம் முட்டி போடு என்று சொல்வதற்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. சொல்கிறேன்.

கழட்டுவது மாட்டுவதைவிட எளிது என்று நினைப்பார்கள். எங்கள் பக்கத்துத் தரை தெரிந்தவன் அப்படி நினைக்க மாட்டான். மணலி, மீஞ்சூர்ப் பக்கத்து யார்டுகள் பலவும் ஏரி, கழுவெளி, வயல் என்று கிடந்த இடத்தில் மண் கொட்டி மேடாக்கியவை. மேலே காய்ந்த மாதிரி தெரியும். சரக்குப் பெட்டியோடு டிரெய்லரின் மூக்கு எடை முழுவதும் இரண்டு சின்ன இரும்புப் பாதத்தின் வழியாக இறங்கும்போது, மழைக்காலத்தில் பாதம் கேக்கில் கத்தி மாதிரி இறங்கும். அதுவும் ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் கதை முடிந்தது, டிரெய்லர் சாய்ந்துவிடும். சித்திரை வெயிலில் தார்த் தரையும் அப்படித்தான், மதியம் நிறுத்திய கால் சாயங்காலம் ஓர் அங்குலம் உள்ளே போயிருக்கும். பழைய ரயில்வே ஸ்லீப்பர் மரத்தை ஒன்றரை அடியாக அறுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு காலுக்கும் ஒன்று. என் யார்டில் அதிகம் திருடுபோகிற பொருளும் அதுதான், யார் வீட்டு அடுப்புக்குப் போகிறதோ தெரியவில்லை.

கால் இறக்குகிற கைப்பிடிக்கு இரண்டு கியர் உண்டு. உள்ளே தள்ளினால் ஒன்று, வெளியே இழுத்தால் ஒன்று. எது எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேகமான கியரில் பாதம் தரையைத் தொடும்வரை சுற்ற வேண்டும். தொட்ட பிறகு மெதுவான கியருக்கு மாற்றி இன்னும் சில சுற்று, கால் எடையைத் தாங்கத் தயார் என்கிற அளவுக்கு. அங்கே நிறுத்த வேண்டும். டர்ன்டேபிளிலிருந்து மூக்கைத் தூக்கிவிடக் கூடாது. தூக்கினால் அடுத்து வருகிற பையன் என்ன ஆவான் என்பதுதான் மேலே சொன்ன சேற்றுக் கதை.

அப்புறம் கட்டை, டிரெய்லர் பார்க்கிங் பிரேக், ஹோஸ், ஒயர். ஹோஸைக் கழட்டி அதற்கான இடத்தில் மாட்ட வேண்டும், தொங்கவிட்டால் அடுத்த திருப்பத்தில் டயருக்குத் தீனி. பிறகு லாக் கம்பியை இழுப்பது. சில நேரம் கம்பி வராது. உடனே கடப்பாரை, சுத்தியல் என்று இறங்குவார்கள், பார்த்திருக்கிறேன். தாடை மேல் கிங்பின் இழுத்துக்கொண்டு நிற்பதால்தான் கம்பி வருவதில்லை. ஹார்ஸைப் பொட்டு பின்னால் தள்ளி ஹேண்ட் பிரேக் போட்டால் இறுக்கம் தளரும், கம்பி ஒரு கையில் வந்துவிடும்.

கம்பியை இழுத்தாயிற்று, இனி ஏறி மிதிக்க வேண்டியதுதான் என்று தோன்றும். நைனா மிதிக்க மாட்டார். கிங்பின் தாடையை விட்டு வெளியே வருகிற அளவுக்கு மட்டும், ஒன்றரை அடி போல, நத்தை மாதிரி முன்னால் போய் நிறுத்துவார். அப்போது ஹார்ஸின் சேசிஸ் இன்னும் டிரெய்லர் மூக்குக்குக் கீழேதான் இருக்கும். கால் அமிழ்ந்தாலோ மடங்கினாலோ மூக்கு சேசிஸ் மேல் உட்காரும், தரையில் குத்தாது. இறங்கி இரண்டு காலையும் பார்ப்பார். ஒரு நிமிஷம் நிற்பார். பிறகுதான் முழுதாக வெளியே வருவார். ஒருமுறை ஹோஸ் கழட்ட மறந்து புறப்பட்டதும் இந்த ஒன்றரை அடியில்தான் பிடிபட்டது. ஹோஸ் விறைத்துக்கொண்டு நின்றது, அறுபடவில்லை.

கழட்டி நிறுத்திய டிரெய்லரில் இன்னோர் ஆபத்து, நாற்பதடி டிரெய்லரில் இருபதடிப் பெட்டி. கால்கள் மூக்கின் நுனியில் இருக்காது, சற்றுத் தள்ளிப் பின்னால்தான் இருக்கும். கனமான பெட்டியை முன்னால் ஒதுக்கி ஏற்றியிருந்தால், ஹார்ஸ் இல்லாதபோது டிரெய்லர் குப்புற விழப் பார்க்கும். பெட்டிக்குள் ஃபோர்க்லிப்ட் ஏறி முன்மூலை வரை போனாலும் அதே கதிதான். என் யார்டில் ஹார்ஸ் மாட்டாத டிரெய்லரில் ஃபோர்க்லிப்ட் ஏறக் கூடாது. இதற்காக நான் வாங்காத திட்டு இல்லை.

தேய்மானம் பற்றி ஒரு வார்த்தை. சிக்னலில் பிரேக் போடும்போதும் எடுக்கும்போதும் முதுகில் யாரோ தட்டுகிற மாதிரி 'டொக் டொக்' என்றால் பின்னோ தாடையோ தேய்ந்திருக்கிறது. 50.8 மில்லிமீட்டர் கழுத்து 49க்கு வந்துவிட்டால் பின்னை மாற்றியாக வேண்டும். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது, கேஜ் வைத்தால்தான் தெரியும். கேஜ் இல்லாத ஒர்க்‌ஷாப்பில் "இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்று சொல்வார்கள். எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்டால் கோபம் வரும்.

கடைசியாக ஒன்று. மாட்டும்போது பார்த்தாயிற்று என்றால் முடியவில்லை. விரைவுச் சாலையில் வரிசையில் நிற்கும்போது டிரைவர் டீக்கு இறங்குவார், கொஞ்சம் கண்ணயர்வார். லாக் கம்பி பக்கவாட்டில் யார் கைக்கும் எட்டுகிற உயரத்தில்தான் இருக்கிறது. விளையாட்டுக்கோ பகைக்கோ யாராவது இழுத்துவிட்டால்? நைனா டீ குடித்துவிட்டு வரும்போதெல்லாம் கம்பியை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் ஏறுவார்.

இப்போது என் யார்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மாட்டிய டிரைவர் குனிந்து, செல்போன் ஃபிளாஷ் போட்டு, தாடையை ஒரு போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அனுப்பினால்தான் கேட் சீட்டு. முதலில் சிரித்தார்கள். ஒருத்தர் ஒரே போட்டோவை மூன்று நாள் அனுப்பினார், கிரீஸில் ஒட்டியிருந்த ஒரே புளியிலையை வைத்துக் கண்டுபிடித்தேன். இப்போது பழகிவிட்டது. என் போனில் பெண்ணின் பிறந்தநாள் படங்களைவிடத் தாடைப் படங்கள்தான் அதிகம் என்று வீட்டில் பேச்சு.

நைனாவுக்கு முட்டி போய்விட்டது, கீழே உட்காரவே முடிவதில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் என் போனை வாங்கிக்கொள்வார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, இரண்டு விரலால் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்ப்பார். போன வாரம் ஒரு படத்தில் நிறுத்தினார்.

"இதுல வெளிச்சம் தெரியுதேடா. கெளம்பிட்டானா?"

"இல்ல நைனா. அவனே பாத்துட்டு எனக்கு போன் பண்ணான். கழட்டித் திருப்பி மாட்டினான். அடுத்த படம் பாரு."

அடுத்த படத்துக்குத் தள்ளினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கிரீஸ் பத்தல" என்றார்.